அப்பாவின் 'காலை' எப்போது தொடங்குகிறது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"அப்பாவுக்கு 63 வயது. ஒரு கொண்டோவில் இரவு நேரப் பாதுகாவலராக வேலை செய்கிறார். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை. வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓய்வு, சில வாரம் இரண்டு. 15 வருடமாக நீரிழிவு, ரத்த அழுத்தமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு சர்க்கரைப் பரிசோதனையில் எச்பிஏ1சி 7.4 இருந்தது, போன மாதம் 10.8. அலமாரியைத் திறந்தால் பிரிக்காத மாத்திரைகள் மூன்று பை. இனி இன்சுலின்தான் என்றார் டாக்டர். 'அதை மட்டும் சொல்லாதீங்க' என்று அப்பா எழுந்து வந்துவிட்டார். 'உங்கள் அப்பா ஒத்துழைக்கவே இல்லை' என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது அவமானமாக இருந்தது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வேலை, இரண்டு பிள்ளைகள். நான் கத்துகிறேன், அழுகிறேன். அவர் பேசாமல் அறைக்குள் போய்விடுகிறார். இவரைச் சொல்பேச்சு கேட்க வைப்பது எப்படி?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் டாக்டர் இல்லை, மருத்துவ சமூக சேவையாளர். நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. அதனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு விவரங்களில் என் கண் நின்றுவிட்டது. அப்பாவுக்கு இரவு வேலை. அம்மா இறந்து இரண்டு வருடம்.

இந்த இரண்டையும் டாக்டரிடம் யாராவது சொன்னீர்களா?

சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டும், மருந்து எழுத வேண்டும், அடுத்த தேதி கொடுக்க வேண்டும். சில நிமிடச் சந்திப்பு அதோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் கேட்பதில்லை. இது நம் வீட்டு விஷயம், மருத்துவ விஷயம் இல்லை என்று நாமும் சொல்வதில்லை. ஆனால் உங்கள் அப்பாவின் சர்க்கரை 10.8க்குப் போனதற்கான காரணத்தில் பெரும்பகுதி இந்த 'வீட்டு விஷயத்தில்'தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அம்மா. 15 வருடமாக நீரிழிவோடு இருக்கும் ஒருவருக்கு 7.4 என்பது நல்ல கணக்கு. அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது, ஒரு நாள் பட்டினி கிடந்து குறைத்துக்காட்ட முடியாது. அப்படியென்றால் அப்போது மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அப்போதும் இதே அப்பாதான், இதே பிடிவாதம்தான், இதே நாக்குதான். அரசாங்கச் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப்பில் அவருடைய பழைய முடிவுகள் இருந்தால் வரிசையாகப் பாருங்கள். எந்த மாதம் ஏறத் தொடங்கியது என்று பார்த்துவிட்டு, அம்மா இறந்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மா இருந்தபோது மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தது? சாயங்காலம் அவர் சீருடையை மாட்டிக்கொண்டிருக்கும்போது டம்ளர் மூடியில் மாத்திரைகளைப் போட்டு, தண்ணீரோடு நீட்டியது யார்? ராத்திரிக்கு டிபன் கட்டியது யார்? மருந்தக அட்டையை ஞாபகமாக எடுத்து வைத்தது யார்? நான் பார்த்த எத்தனையோ குடும்பங்களில் கணவனின் சிகிச்சையை மனைவிதான் நடத்திக்கொண்டிருப்பார். எந்த மருத்துவக் குறிப்பிலும் அவர் பெயர் இருக்காது. அம்மா போன பிறகும் மருந்துச்சீட்டு அப்படியே இருந்தது. அதை நடத்திக்கொண்டிருந்தவர்தான் இல்லை.

'நம் ஆட்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது' என்று உங்கள் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை உண்டு. 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் நம்மவருக்குக்கூட வருகிறது. அதனால்தான் இங்கே உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்தில் யாருடைய ரத்தமும் பரம்பரையும் மாறிவிடுவதில்லை. 7.4க்கும் 10.8க்கும் நடுவில் மாறியது அவருடைய வாழ்க்கை.

சரி, இப்போது அந்த மருந்துப் பைகளில் ஒன்றை எடுத்து மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். காலை உணவுக்குப் பிறகு ஒன்று, இரவு உணவுக்குப் பிறகு ஒன்று என்பதுபோல் ஏதாவது இருக்கும். அப்பாவுக்குக் காலை எப்போது? ஏழு மணிக்கு அடுத்த ஆள் வந்து பொறுப்பெடுத்து, பேருந்து பிடித்து வீடு வர எட்டரை ஆகிவிடும். உங்களுக்கு அது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிற நேரம். அவருக்கு அது படுக்கிற நேரம். அப்போது சாப்பிடுகிறாரா, அல்லது வெறும் தேநீரோடு படுத்துவிடுகிறாரா? படுத்துவிட்டால் 'காலை உணவு' என்பது பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து சாப்பிடுவதா? 'இரவு உணவு' வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிடுவதா, காவல் அறையில் அதிகாலை மூன்று மணிக்குச் சாப்பிடுவதா? பகலில் உழைத்து இரவில் தூங்கும் ஒருவருக்காக எழுதிய சீட்டு உங்கள் அப்பாவின் கையில் இருக்கிறது. அதைத் தன் நாளுக்கு எப்படிப் பொருத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

இரவு வேலையே உடம்பில் சர்க்கரையை ஏற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவில் இன்சுலின் பகலில்போல் வேலை செய்வதில்லை, அதனால் மதியம் சாப்பிடும் அதே சோறு நள்ளிரவில் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். பகலில் கிடைக்கும் அரைத் தூக்கமும் அதைக் கூட்டும். மேல் வீட்டில் டிரில் ஓடும், புளோக்குக்குக் கீழே புல் வெட்டுவார்கள், ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் பெரிய விஷயம். அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், பகல் வேலை பார்ப்பவரைவிட அவருக்குக் கஷ்டம்தான். இதை ஒரு முறை அவரிடம் சொல்லுங்கள். தன்னுடைய கஷ்டம் மற்றவர்களுக்கும் தெரிகிறது என்று ஒரு மனிதருக்குப் புரியும்போது முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதைக் கேட்கப் பெண்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும். கழிப்பறை. நீரிழிவுக்கு மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், அவசரமாகப் போக வேண்டி வரும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக்கும். சர்க்கரை கூடினாலே அடிக்கடி சிறுநீர் வரும். இப்போது காவல் அறையில் ராத்திரி தனியாக இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கார் வந்தால் தடுப்பைத் திறக்க வேண்டும். இடத்தை விட்டுப் போய்விட்டார் என்று குடியிருப்பாளர் ஒருவர் புகார் எழுதினால் போதும். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர் என்ன செய்வார்? மாத்திரையை நிறுத்துவார், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். வெளியே யாரிடமும் சொல்லமாட்டார். 'மறந்துவிட்டேன்' என்பார், ஏனென்றால் அது சொல்ல எளிது. பாதுகாவலர்கள், பேருந்து ஓட்டுநர்கள், துப்புரவு வேலை பார்க்கும் அக்காமார்கள் என்று எத்தனையோ பேரிடம் நான் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள் என்கிறேன். இதுதான் காரணம் என்றால் டாக்டரால் நிறைய செய்ய முடியும். வயிற்றை அவ்வளவாகக் கலக்காத, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் இருக்கிறது. நேரத்தை மாற்றலாம். வேறு மருந்துக்குப் போகலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும், என் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. 1967இல் லண்டனில் வைட்ஹால் அரசாங்க ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒரே ஊர், சிகிச்சை இலவசம். அப்படியும் உயர் அதிகாரிகளைவிட, வாசல் காப்பவர்கள், கடிதம் கொண்டுபோகும் ஊழியர்கள் போன்ற கடைநிலைக்காரர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக மாரடைப்பில் இறந்தார்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. அந்த முடிவுகளை ஆராய்ந்த மைக்கல் மார்மட் என்ற மருத்துவரின் குழுவினர் 1985இல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். தன் வேலையில் தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பது இதயநோயோடு சேர்ந்து போவதை அதில் கண்டார்கள். எப்போது எழுந்து போகலாம், எப்போது சாப்பிடலாம் என்பதைத் தானே முடிவு செய்ய முடியாத வேலை. வாசல் காப்பவர் என்று படிக்கும்போதெல்லாம் நம் ஊர்க் காவல் அறைகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். அலமாரியில் இருக்கும் அந்த மூன்று பையை எடுத்து, நாளையிலிருந்து எல்லாவற்றையும் அவர் வாயில் போடத் தொடங்காதீர்கள். அப்பா மருந்து சாப்பிடுகிறார் என்ற எண்ணத்தில் டாக்டர் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டியிருக்கலாம், புது மாத்திரை சேர்த்திருக்கலாம். சாப்பிடாத ஒருவருக்காக ஏற்றிக்கொண்டே போன அளவு அது. அதைத் திடீரென்று முழுதாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். யாரும் இல்லாத காவல் அறையில் அதிகாலை நான்கு மணிக்கு அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாலும் இதே கதைதான். அதனால் மூன்று பையையும் அப்படியே தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். மருந்தாளரிடம் காட்டுங்கள். 'இதில் பாதியை இவர் சாப்பிடவில்லை' என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த உண்மை வெளியே வந்தால், இன்சுலின் இப்போதே தேவையா என்ற கேள்விக்குக்கூட வேறு பதில் கிடைக்கலாம்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வளர்ந்த நாடுகளிலேயே நீண்ட நாள் நோய்க்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. நோயாளியை மட்டும் குற்றம் சொல்வது தவறு என்றும், பணம், குடும்பம், மருத்துவமனை நடக்கும் விதம், நோயின் தன்மை, மருந்தின் சிக்கல் எல்லாம் அதில் சேரும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே 'ஒத்துழைக்கவில்லை' என்று கேட்டபோது நீங்கள் அவமானப்பட்டீர்களே, அது உங்களுக்கு வேண்டாம்.

அந்த வார்த்தையை நானும் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று முறை தேதி கொடுத்தும் வராத ஒரு தமிழ் அம்மாவைப் பற்றிக் குறிப்பில் அப்படித்தான் எழுதினேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் மகனின் தொலைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. மகன் வேறு ஊரில் வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு நாளும் 'ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லையே' என்று காத்திருந்திருக்கிறார். சுவரில் முருகன் படம் போட்ட நாள்காட்டி தொங்கியது. அதில் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். என் குறிப்பைத் திருத்தினேன். ஆனால் அதற்குள் அவருடைய கண் பார்வை இன்னும் மங்கியிருந்தது. அதை என்னால் திருத்த முடியவில்லை.

இன்சுலினுக்கு வருகிறேன். 'அதை மட்டும் சொல்லாதீங்க' என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார். பெரியப்பாவோ, கூட வேலை பார்த்தவரோ, இன்சுலின் போட ஆரம்பித்து ஒரு வருடத்தில் கால் எடுக்கப்பட்டவரை அப்பா பார்த்திருப்பார். இனிப்புநீர்க்காரருக்கு ஊசி வந்துவிட்டால் முடிந்தது கதை என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வரும் நம்பிக்கை. ஊசியால் கால் போகவில்லை. ஊசியை மிகத் தாமதமாகத் தொடங்கியதால் அதற்கு முன்பே கால் கெட்டுப் போயிருந்தது. ஆனால் பார்த்தவருக்கு ஊசி முன்னால், கால் பின்னால் என்ற வரிசைதான் மனதில் நிற்கும். இதில் மருத்துவத் துறையின் தவறும் உண்டு. 'சொன்னதைக் கேட்காவிட்டால் இன்சுலின்தான்' என்று வருடக்கணக்கில் பயமுறுத்திவிட்டு, பிறகு அதையே நல்ல மருந்து என்று நீட்டினால் யார் வாங்குவார்கள்? பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை நீரிழிவில் வருடம் போகப் போக இன்சுலின் சுரப்பது குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஊசி தேவைப்படுவது தண்டனை இல்லை, நோயின் போக்கு. இதை நீங்கள் சொல்வதைவிட நீரிழிவுத் தாதி சொன்னால் எடுபடும், அதுவும் தமிழில். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்த ஊசி எவ்வளவு மெல்லியது என்று கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை இடத்தில் மற்றவர் பார்க்கப் போட வேண்டுமே என்பதும் அவர் பயமாக இருக்கலாம். சில வகை இன்சுலினை நாளுக்கு ஒரு முறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். தன் வேலை போய்விடுமோ என்று 63 வயதில் ஒருவர் பயப்படுவதை அலட்சியம் செய்யாதீர்கள்.

அப்புறம், எப்படிப் பேசுவது என்பது. கத்துவதால் நடக்காது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. 'நீங்கள் மாற வேண்டும்' என்று ஒருவர் அழுத்தினால், எதிரில் இருப்பவர் ஏன் மாற முடியாது என்பதற்கான காரணங்களைத்தான் மனதில் அடுக்குவார். குடியை விட முடியாதவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் இதைப் பற்றி எழுதினார். இன்று உலகம் முழுக்கத் தாதிகளுக்கும் டாக்டர்களுக்கும் அந்த முறையில் பயிற்சி கொடுக்கிறார்கள். அதன் சாரம், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

அதனால் 'ஏன் மருந்து சாப்பிடவில்லை' என்று கேட்காதீர்கள். அது விசாரணை. அவருடைய ஓய்வு நாளில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, 'அப்பா, நேத்து ராத்திரி டியூட்டி எப்படிப் போச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க' என்று கேளுங்கள். மணி வாரியாக எழுதுங்கள். எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், எப்போது கழிப்பறைக்குப் போனார், எப்போது கண் அசந்தது, வீட்டுக்கு வந்து எத்தனை மணிக்குத் தூங்கினார். நடுவில் 'அங்கேதான் தப்பு' என்று சொல்லாதீர்கள், அது கஷ்டம்தான், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அவர் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். அன்றைக்கு அதுதான் வேலை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. நம் ஆண்கள் அழமாட்டார்கள். சாப்பிட மாட்டார்கள், பேச மாட்டார்கள், மருந்தை விட்டுவிடுவார்கள். இரண்டு வருடமாகத் தூக்கமும் பேச்சும் குறைந்திருந்தால் அதையும் டாக்டரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: 'மனைவி இறந்த பிறகு இப்படி ஆகிவிட்டார்.' ராத்திரியில் அவர் குடிக்கிறாரா என்பதும் தெரிந்தால் நல்லது.

அந்தத் தாளோடுதான் அடுத்த சந்திப்புக்குப் போக வேண்டும். எழுதியதை டாக்டரின் மேசையில் வைத்து, 'இதுதான் இவருடைய நாள், இதற்குள் எந்த மாத்திரையை எங்கே வைக்கலாம்' என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் இப்படி ஒரு தாளைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கும் இருட்டில் மருந்து எழுதப் பிடிக்காது. கிளம்பும் முன், எந்த மாத்திரை எப்போது என்று அப்பாவை அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையை ஆட்டுவதை நம்பாதீர்கள். டாக்டர் முன்னால் நம் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஓகே டாக்டர்' என்பார்கள்.

எந்த மருந்தகம் என்பதையும் யோசியுங்கள். அரசாங்கப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) என்றால் பெரும்பாலும் பகல் நேரம், அதாவது அப்பாவின் நடுராத்திரி. 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளலாம். வீட்டுக்குப் பக்கத்தில், பிற்பகலிலோ மாலையிலோ திறந்திருக்கும் தனியார் மருந்தகம் ஒன்று அதில் இருந்தால், வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போகலாம். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. மருந்தகச் செலவுக்கு அரசாங்க உதவி தரும் சாஸ் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், நீண்ட நாள் நோய்க்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். காசுக்காக மாத்திரையைப் பாதி பாதியாகச் சாப்பிடுகிறாரா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். மகளிடம் காசு கேட்கக் கூச்சப்படும் அப்பாக்கள் அதிகம். அப்படி ஏதாவது இருந்தால் மருந்தகத்திலேயே மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுச் செலவே இறுக்கமாக இருந்தால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவை நிலையம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அதிகாலை மூன்று மணிக்கு என்ன கடை திறந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: பரோட்டா, மீ கோரெங், ஒரு தே தாரிக். அதைத் தவிர்க்க நீங்கள் தினமும் சமைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா செய்ததையெல்லாம் நீங்கள் ஒருத்தியே செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். ஒரே ஒரு மாற்றம் போதும், அதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். தே தாரிக்கிலிருந்து பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு ஒரே நாளில் குதிக்க முடியாவிட்டால் இனிப்பைக் குறைத்த சியூ தாய் கேட்கலாம். இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் கடலைச் சுண்டலும் டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் மூன்று மணிப் பசி அடங்கும்.

அக்கம்பக்கத்தில் துடிப்பாக மூப்படையும் நிலையம் இருந்தால், தமிழ் பேசுபவர்கள் வருகிறார்களா என்று விசாரித்துவிட்டு அவரை அழைத்துப் போங்கள். யாரும் தமிழ் பேசாத இடத்தில் அவரை உட்கார வைத்தால் இரண்டாவது நாள் வரமாட்டார். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிறவர் என்றால் அதுவே போதும், அங்கே நாலு பேரோடு பேசிவிட்டு வருவார். ஆனால் வெயிலில் சுட்ட தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவது நீரிழிவுக்காரருக்கு ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதே தெரியாது. வெயில் தாழ்ந்த பிறகு போகச் சொல்லுங்கள், வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். காவல் வேலையில் பூட்ஸுக்குள் 12 மணி நேரம் கிடக்கும் கால் அது. புண்ணோ கொப்புளமோ நிறமாற்றமோ இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள். கண், பாதம், சிறுநீரகம் மூன்றுக்கும் வருடாந்தரப் பரிசோதனை எப்போது நடந்தது என்றும் கேளுங்கள். இங்கே புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குக் காரணம் நீரிழிவுதான். 10.8ஐ அப்படியே விட்டுவைக்க முடியாது என்பதில் டாக்டர் சொல்வது முழுக்கச் சரி.

உங்களைப் பற்றி ஒன்று. நீங்களும் இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவை இழந்தவர். கடிதத்தில் அதை அப்பாவின் கணக்கில்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கத்தலில் பாதி 'இவரையும் இழந்துவிடுவேனோ' என்ற பயம். அவரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள், கோபமாக மாற்றாமல். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் மருந்தகத்துக்கு அழைத்துப் போவதையாவது ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் அப்பாவுக்கு எந்த நாள் ஓய்வு என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். தாளை எழுதிய பிறகு, அதில் இருப்பதை எனக்கும் எழுதுங்கள்.